வலி போன இடம்

முற்பகல் வெயில் வாசலில் ஏறிக்கொண்டிருந்தது. பாயில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த மிக்கேலம்மாளுக்கு இடது பாதத்தில் சுருக்கென்று முள் ஏறியது. பசைக் கையைத் துடைத்துவிட்டுக் காலைத் தூக்கிப் பார்த்தாள். முள் இல்லை. பாயை உதறிப் பார்த்தாள், அதிலும் இல்லை. ஆனால் குதிகாலுக்கு முன்னால், பள்ளமான இடத்தில், ஒடிந்த முள் உள்ளே நின்றால் எப்படிக் கடுக்குமோ அப்படிக் கடுத்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் புருஷன் பாக்கியசாமி காட்டுப் பக்கமிருந்து பாடிக்கொண்டே வந்தான். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. மெழுகிய தரையில் அவன் வந்த வழியெல்லாம் சிவப்பாய் ஈரம்.

"செருப்பு எங்கங்க?"

அவன் குனிந்து பார்த்தான். கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து வந்திருக்கிறான். அவனை உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினாள். குதிகாலுக்கு முன்னால், பள்ளமான இடத்தில், கருவேல முள் ஒன்று அடிவரை இறங்கியிருந்தது.

"வலிக்கலியா ஒங்களுக்கு?"

"எப்படி வலிக்கும்? அதான் நீ மிதிச்சு வெரட்டிட்டியே!" என்று சிரித்தான்.

ஊக்கால் நோண்டி முள்ளை எடுத்தாள். அது வெளியே வந்த நொடியில் அவள் காலில் கடுப்பு நின்றது.  முள்ளை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மிக்கேலம்மாள் கால் முந்திப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கும் பிடிப்பும் போகும் என்பது கரிசக்காடு முழுக்கத் தெரிந்த சங்கதி. தெரியாதவர்கள் டாக்டர்கள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வாசலில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் ஆட்கள் வந்து நிற்பார்கள். குப்புறப் படுக்கச் சொல்லி இடது காலால் மிதித்து அனுப்புவாள். இது அஞ்ஞானம் என்று பிரசங்கத்தில் விளாசிய சாமியாருக்கே ஒருமுறை கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு பொம்பளையிடம் போய்ப் படுக்க முடியுமா? உபதேசியார் மூலம் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டார். அவள் துண்டை மிதித்துக் கொடுத்தாள். அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அடுத்த ஞாயிறு சாமியார் நேராகத்தான் நின்றார். அஞ்ஞானத்தைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

பாக்கியசாமிக்குக் கோவில்பட்டியில் ஒரு மில்லின் பஞ்சு குடோனில் வேலை. முள் ஏறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அங்கே பொதியைத் தூக்கி நிமிர்ந்தபோது இடுப்பில் மளுக்கென்றது. வலி இடுப்பில் நிற்கவில்லை. பிட்டத்தில் இறங்கி, தொடைக்குப் பின்னால் ஓடி, கெண்டைக்காலைச் சுற்றிப் பெருவிரல் வரைக்கும் எறும்புச் சாரி போலப் போனது. இருமினால் உயிர் போய் வந்தது. ஒரு பக்கமாய் வளைந்துபோய்க் கிடந்தான். மிதிக்கச் சொன்னான். கட்டின புருஷனை மிதிப்பதாவது என்று அவள் மறுத்தாள். "ஊரான் முதுகுல ஏறுத காலு எம் முதுகுல ஏறாதோ?" என்று அவன் கோபித்துக்கொண்ட பிறகுதான் மிதித்தாள்.

கடைசி மிதியில் அவளுடைய குதிகாலுக்கு அடியில் ஏதோ ஒன்று, புளியங்கொட்டை கோதிலிருந்து நழுவுவதுபோல நழுவியது. அவன் அலறினான். பிறகு சத்தமே இல்லை. செத்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். அவனோ எழுந்து உட்கார்ந்து, "போச்சுட்டி! சுத்தமா போச்சு!" என்றான். தெருவே கூடிச் சிரித்தது. மிக்கேலம்மாளின் காலுக்கு மாலை போடாததுதான் குறை.

அன்று சாயங்காலம் அவளுடைய பிட்டத்திலிருந்து பெருவிரலுக்கு எறும்புச் சாரி ஒன்று புறப்பட்டது. உட்கார்ந்தே வேலை பார்க்கிற அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள். அவனோ மறுநாளே வேலைக்குப் போனான். நடக்கும்போது இடது பாதம் மட்டும் தொங்கித் தரையைத் தப்பென்று அறைந்தது.

முள் ஏறிய மறுநாள் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் இருந்து தன் காலைக் கிள்ளினான்.

"பெருவிரலு," என்றாள் அவள்.

வேறோர் இடத்தில் நகத்தை வைத்து அழுத்தினான்.

"கெண்டைக்காலு, வெளிப்பக்கம். இப்பம் விட்டுட்டீங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அவள் எட்டிப் பார்த்தபோது அவன் தன் பாதத்தைக் கையில் ஏந்தி, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவள் யாரையும் மிதிக்கவில்லை. கழுத்துப் பிடிப்போடு வந்த பக்கத்து வீட்டு சங்கரம்மாளுக்குக்கூடக் கதவைத் திறக்கவில்லை. இத்தனை காலம் மிதித்த வலியெல்லாம் எங்கே போயிருக்கும் என்று முதல்முறையாக யோசித்து, நினைக்கவே பயந்தாள்.

மில்லில் மேஸ்திரி அழகிரிசாமி அவன் நடையைப் பார்த்துவிட்டார். "மானேசர் சொல்லிட்டாரு, பாக்கியசாமி. காலு சரியா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் உள்ள விடுவாவ," என்றார்.

மிக்கேலம்மாளும் கூடப் போனாள். வேதமணி டாக்டர் அவனைக் குப்புறப் போட்டு முதுகைத் தடவினார். பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். அது தொங்கியே கிடந்தது. முன்பு வலித்ததா, எப்போது நின்றது என்று கேட்டார். மிதித்த கதையைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்த மாதிரி ஒரு ஜவ்வு இருக்கும்மா. அது பிதுங்கி நரம்ப நசுக்குது. வலி இருந்தா நரம்பு உயிரோட இருக்குன்னு அர்த்தம். உணர்ச்சியே போயிருந்தா, இன்னைக்கே மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணணும். இல்லன்னா இந்தக் கால் போயிரும். அப்புறம் அந்தக் காலும் போவும், ஒண்ணுக்குப் போறதுகூட நின்னுரும். கண்ணக் கட்டிட்டு ஊசியால தொட்டுப் பாத்துருவோம். உணர்ச்சி மட்டும் நல்லா இருந்தா, தொங்குற பாதம் மருந்துலயே தேறிரும், மில்லுக்கு எழுதித் தாரேன்." அவர் கை கழுவப் போனார்.

பாக்கியசாமி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "ஏட்டி, ஒனக்குத்தான் தெரியுதுல்லா. அவரு குத்தும்போது எங் கைய அமுக்கு. நான் தெரியுதுன்னு சொல்லிக்கிடுதேன்."

"அவிய சொன்னது கேட்டுச்சுல்லா? மதுரைக்குப் போயிருவோம்ங்க."

"முதுகுல கத்தி வச்சவன எந்த மில்லுட்டி சேக்கும்? காடு காஞ்சு கெடக்கு. நீ ஒட்டுத பெட்டியில கஞ்சி குடிக்க முடியுமா? வலிதான் இல்லியே! எனக்கு ஒண்ணுஞ் செய்யாது. அமுக்கு, என்ன?" அவன் கண்கள் கெஞ்சின. இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கெஞ்சிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

டாக்டர் வந்தார். மல்லாக்கப் படுக்கவைத்து, துண்டை மடித்து அவன் கண்மேல் போட்டார். "குத்துறது தெரிஞ்சா 'ம்'னு சொல்லும்," என்றார். மிக்கேலம்மாள் கட்டில் தலைமாட்டில் நின்றாள். அவன் கை அவள் கைக்குள் இருந்தது.

முதலில் வலது கால். குத்தக் குத்த அவன் தானாகவே "ம், ம்" என்றான், பள்ளிக்கூடப் பிள்ளை உள்ளேன் ஐயா சொல்வதுபோல. பிறகு ஊசி இடது காலுக்கு மாறியது.

கெண்டைக்காலின் வெளிப்பக்கம் அவளுக்குச் சுரீரென்றது. அவள் அமுக்கவில்லை. புறங்காலில் குத்து விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு அமுக்கு அமுக்கினால் இவன் நாளைக்கே குடோனுக்குள் போய்விடுவான், பொதிக்கு அடியில் குனிந்துவிடுவான். மாதாவே, என் கையைக் கட்டிப்போடு என்று வேண்டிக்கொண்டாள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் டாக்டர் ஆழமாகவே குத்தினார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கையை மரம்போல வைத்திருந்தாள். அந்தக் கைக்குள்ளே அவன் விரல்கள் அவளுடைய உள்ளங்கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தன.

துண்டுக்கு அடியிலிருந்து அவன் மெல்லக் கேட்டான். "என்னட்டி, எடது காலுக்கு அவரு இன்னும் வரலியா?"

டாக்டரின் கை நின்றது. சேலைக்குள்ளே மிக்கேலம்மாளின் இடது பெருவிரல் மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.