பாறணை இல்லாத விரதம்

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலிருந்து பண்டத்தரிப்பில் இராசநாயகம் வீட்டுச் சவர்க்காரம் தேயவில்லை. அவருடைய மனைவி பராசக்திதான் தேய்ந்தாள். மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். அந்த ஆனியில்தான் சண்டை திரும்பவும் மூண்டு, மின்சாரம் நின்று, சவர்க்காரம், சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அரசாங்கத் தடைக்குள் போயின. ஊரே ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தது, சவர்க்காரத்துக்குப் பதில் பனங்காயைப் பிசைந்து துணி தோய்த்தது, உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன் ரீ குடித்தது. மற்றவர்கள் இல்லாத குறைக்கு அப்படிச் செய்தார்கள். இராசநாயகம் வீட்டில் வைத்துக்கொண்டே செய்தார்.

தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்து இளைப்பாறியவர், பிள்ளைகுட்டி இல்லை. சிக்கனம் என்றால் மனைவி முணுமுணுப்பாள் என்று தெரிந்த மனுசன், அதற்கு விரதம் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு மாதமும் முதலாந் தேதி திருநீறு பூசிக்கொண்டு சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, இனி எதைத் தொடுவதில்லை என்று அறிவிப்பார். முதல் மாதம் சீனி, அடுத்தது சவர்க்காரம், பிறகு இரவுச் சாப்பாடு, பிறகு விளக்கு. தொடாதவை எல்லாம் றங்குப் பெட்டிக்குள் போய்ப் பூட்டுப்பட்டன. பராசக்தி கந்தசஷ்டி ஒன்றைக்கூடத் தவறவிடாதவள். விரதம் என்றால் மறுநாள் விடியப் பாறணை உண்டு, வயிறாரச் சாப்பிட்டு முடித்தால்தான் பலன் என்பது அவள் கணக்கு. அதனால் முதல் மாத முடிவிலேயே கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, நாளைக்குப் பாறணைதானே? சீனியை எடுத்துத் தாருங்கோவன்.”

“பாதை திறக்கட்டும், சாமான் வரட்டும். அப்ப ஒரேயடியாப் பாறணை.”

அவள் நம்பினாள். பாவம், அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். அவர் சாப்பிட்டு எழும்பிய பிறகு பானையில் மிஞ்சியதுதான் அவள் சாப்பாடு என்பதால், அவர் தன் பங்கைப் பாதியாக்கியபோது அவளுடையது காலானது. எங்கள் வீடுகளில் எல்லாம் அதுதான் வழக்கம், ஆகவே ஒருவரும் அதைக் கொடுமை என்று சொல்லவில்லை.

91இல் அவளுடைய சட்டைகள் தொளதொளத்தன. 92இல் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று சமைத்தாள். 93இல் ஒரு சீலையை நாலாகக் கிழித்து உடுத்தாள். இனிப் பத்து வருடத்துக்குச் சீலை வாங்கத் தேவையில்லை என்று இராசநாயகம் கூட்டுறவுச் சங்கக் கடையடியில் பெருமையாகச் சொன்னார். வரிசையில் நின்ற ஆண்கள், எப்படிப்பட்ட நிர்வாகம் என்று தலையாட்டினார்கள். வெட்கங்கெட்டவர்கள். பக்கத்து வீட்டு மக்டலீன் மட்டும் படலையடியில் மறித்துக் கேட்டாள்.

“அண்ணை, உங்கடை மனுசி இப்ப என்ரை இடுப்புக்கும் வாறா இல்லை. ஒருக்கா வயிறாரச் சாப்பாடு குடுங்கோவன்.”

“நான் ஒண்டும் மறிக்கேல்லைப் பிள்ளை. அவவாத்தான் விரதம் பிடிக்கிறா.”

அதில் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். 94இல் பராசக்தி தண்ணீர்க் குடத்தை விடச் சற்று உயரமாக இருந்தாள். முதலாந் தேதிகளில் அவளும் அவர் பக்கத்தில் நின்று கும்பிட்டாள், பாறணை எப்ப என்று கேட்டாள், ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பெற்றாள்.

95 ஐப்பசி முடிவில், இராணுவம் முன்னேறி வர, வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஓர் இரவுக்குள் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போக வேண்டியதாயிற்று. இராசநாயகம் றங்குப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார். ஒரு சாண் உயரம் இருந்த பராசக்தியைத் துவாயில் சுற்றி, முன்கூடைக்குள் இருத்தினார். மழையோ மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் அடியெடுத்து வைக்க முடியாமல் நெரிந்து நின்றபோது, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து ஐந்து வருடச் சவர்க்காரமும் ஒன்றாக நுரைத்தது. நுரை வீதியை மூடி, முழங்கால் வரை ஏறிப் பாலத்தின் இரு பக்கமும் கடலில் விழுந்தது. சீனி கரைந்து பின்னால் வந்தவர்களின் கால்களில் பிசுபிசுத்தது. அன்றைக்கு அதைப் பார்த்து அதிசயப்பட ஒருவருக்கும் நேரமில்லை. இராசநாயகம் மட்டும் “என்ரை சாமான், என்ரை சாமான்” என்று நுரையை இரண்டு கையாலும் அள்ளினார். கூடைக்குள் இருந்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. பதிவு எழுதியவர் எத்தனை பேர் என்று கேட்டார். இராசநாயகம் இரண்டு என்றார். எழுதியவர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு என்றே எழுதி, இரண்டு சோற்றுப் பார்சல் கொடுத்தார். அந்த வாரம் அவர் அதைவிடப் பலதைப் பார்த்திருந்தார். வகுப்பறை மூலையில் இராசநாயகம் ஒரு பார்சலை அவிழ்த்து அவளுக்கு முன்னால் வைத்தார். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் அவளுக்கு முதலில் வைத்தது அன்றுதான்.

“இண்டைக்குப் பாறணை. சாப்பிடு.”

பராசக்தி ஒரு பருக்கையை இரண்டு கையாலும் தூக்கிப் பாதியைக் கடித்தாள். மீதியைப் பக்கத்தில் வைத்தாள்.

“காணும், போதும்.”

“இன்னும் கொஞ்சம். கெஞ்சிக் கேக்கிறன்.”

“விரதமில்லையப்பா. உண்மையா வயிறு நிறைஞ்சிட்டுது.”

அவர் பருப்பைக் குழைத்துக் கொடுத்துப் பார்த்தார், நகத்தின் நுனியில் எடுத்து ஊட்டிப் பார்த்தார். அவள் பெரிய மனுசி மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டாள். சோறு பழுதாகிப் போகும் என்பதால் அவளுடைய பார்சலையும் அவரே சாப்பிட்டார்; ஓவென்று அழுதபடி, ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். நிவாரண அட்டையில் இரண்டு பேர் என்றே கடைசிவரை இருந்தது. அந்த அரைப் பருக்கை அவளுக்கு மறுநாள் காலைக்கும் காணுமாயிருந்தது.