குருபரப்பள்ளியில் நடந்து வந்த வீடு

1955ஆம் வருடம் மாசி மாதத்தில், குருபரப்பள்ளி ஓட்டுக் கம்பெனியின் தொழிலாளர் வீடுகளில் ஒன்று நடக்கத் தொடங்கியது. சூளையில் வேலை செய்த சென்றாயனும், மண் மிதிக்கும் கொட்டகையில் வேலை செய்த அவன் மனைவி பாப்பம்மாவும் குடியிருந்த வீடு அது. அந்த வருடம் நிலக்கடலை விளைச்சல் சுமார்.

வீடுகளுக்கு வரைபடம் போட்டவன் கம்பெனியின் ஓவர்சியர் நாராயணப்பன், ஓசூர்க்காரன். செலவு குறைவாக இருக்கவேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்ததால், ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராகும்படி பதினோரு வீடுகளை ஒரு முற்றத்தைச் சுற்றி வைத்தான். நடுவில் கிணறு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆட்டுக்கல் கொட்டகை, தரைக்குச் சூளையில் உடைந்துபோன ஓடுகள். வேலை முடிந்து வருகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும், யார் வீட்டுப் பிள்ளை அழுதாலும் யாராவது ஒருத்தி எட்டிப் பார்க்கட்டும் என்று நினைத்தான். ஆனால் பத்து வீடுகளுக்கு வந்தவர்கள் சுற்றுவட்டாரத்து விவசாயக் குடும்பத்தார். சென்றாயனின் ஆட்கள் தலைமுறையாக அவர்களின் கடலைக் காடுகளில் கூலி வேலை செய்தவர்கள். உத்தனப்பள்ளியிலிருந்து வந்த சென்னப்பன், மற்றவர்களுக்கும் சேர்த்து முதலாளியிடம் போய், அந்தக் குடும்பத்தோடு ஒரே முற்றத்தில் இருக்க முடியாது என்றான். முதலாளி மறுத்துப் பேசவில்லை. நாராயணப்பனும் பேசவில்லை, அவனுக்கு அன்றைக்குக் காய்ச்சல். சென்றாயனின் வீட்டை ஓட்டுக்கு மண் எடுக்கும் குழிக்கு அப்பால் தனியாகக் கட்டினார்கள். முற்றத்தின் மேற்கில் அதற்கென்று விட்டிருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

பாப்பம்மா பகலெல்லாம் மண் மிதித்துவிட்டு, சாயங்காலம் குடத்தோடு குழியைச் சுற்றி முற்றத்துக்கு வருவாள். கிணற்றைத் தொடாமல் நின்று, யாராவது இறைத்து ஊற்றிய பிறகு திரும்பிப் போவாள். சில நாட்களில் யாரும் வெகுநேரம் வரமாட்டார்கள். அப்படி நின்றுவிட்டுத் திரும்பிய ஒரு நாள், வீடு குழிக்கு இந்தப் பக்கம் இருந்தது. அடுப்பின் மேலிருந்த சட்டி சாயவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்த சென்றாயன் வாசலிலேயே நின்றான்.

“இது நம்ம வீடுதானா?”

“நம்ம சட்டிதான் இருக்குது. வந்து சாப்புட்டுப் படு.”

அதற்குப் பிறகு, இருவரும் வேலைக்குப் போயிருக்கும்போது வீடு கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்தை நோக்கி வந்தது. கார்த்திகை மழையில் அது நகரவில்லை. தை பிறந்ததும் மறுபடி நகர்ந்தது. சென்னப்பன் புகார் சொன்னதால் நாராயணப்பன் வந்து அஸ்திவாரத்தைக் குனிந்து பார்த்தான். ஒரு விரிசல்கூட இல்லை.

“வீட்ட யாரு தள்ளுனது?” என்று பாப்பம்மாவைக் கேட்டான்.

“தள்றதுக்குத் தெம்பு இருந்தா இன்னொரு குடம் தண்ணி எடுத்தாந்திருப்பனுங்க.”

முதலாளியின் உத்தரவுப்படி நான்கு ஜோடி எருதுகளைக் கட்டிப் பின்னால் இழுத்தார்கள். எருதுகள் மத்தியானம்வரை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டன. இழுத்த ஆட்களும் அவற்றின் நிழலிலேயே படுத்தார்கள். பிறகு இடித்துவிடச் சொன்னார் முதலாளி. நாராயணப்பன் சுவரில் சாய்ந்து நின்றான்.

“வேற ஆளப் பாருங்க. ஒரு தரம் இத எடம் மாத்திக் கட்டுனதே போதும்” என்றான்.

முதலாளிக்கு அந்த மாதம் பெங்களூரில் ஓடு விலை இறங்கிய கவலை. அவர் வேறு ஆளைப் பார்க்கவில்லை.

1957 பங்குனியில் வீடு முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. மேற்கில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் சென்னப்பனின் மனைவி வெள்ளையம்மா கேழ்வரகு காயப் போட்டிருந்தாள். வீடு அதன் ஓரத்தில் நின்றுவிட்டது. வெள்ளையம்மாவும் மண் கொட்டகையில்தான் வேலை செய்தாள். அங்கே அவள் காலும் பாப்பம்மாவின் காலும் ஒரே சேற்றைத்தான் மிதித்தன. அன்று இருவரும் கம்பெனியின் ஒரே சங்குக்கு வேலை முடிந்து வந்தார்கள். பாப்பம்மா தன் வாசற்படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் போக அவளுக்குப் பயமாக இருந்தது. வெள்ளையம்மா தனியாகக் குனிந்து தானியத்தைக் கூட்டினாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சென்னப்பன் எதிர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்களாச்சும் வந்து அள்ளுங்க” என்றாள் வெள்ளையம்மா. அவன் அசையவில்லை. அவள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். “ஏ பாப்பம்மா, மொறம் இருந்தா எடுத்துட்டு வா.”

“நாந் தொடலாமுங்களா?”

“எனக்கு இடுப்பு ஒடியுது. வாடி.”

சென்னப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெள்ளையம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருவரும் தூறலுக்கு முன் கேழ்வரகை மூட்டையில் அள்ளிக் கட்டினார்கள். மூட்டையை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு வெள்ளையம்மாவின் வீட்டுக்குள் போனார்கள். அவர்கள் வெளியே வந்தபோது பாப்பம்மாவின் வீடு இரண்டு பக்கத்துச் சுவர்களுக்கு நடுவில் இருந்தது, மழை பிடித்துக்கொண்டது. பாப்பம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்த் தானே இறைத்தாள். யாரும் வந்து தடுக்கவில்லை. சென்னப்பன் மட்டும் அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பிடாமல் ரோட்டோரக் கடையில் சாப்பிட்டான். அடுத்த வாரம் அதுவும் அலுத்துப்போய் வீட்டுக்கே வந்துவிட்டான்.

கம்பெனி அந்த வீட்டுக்கு எண் எழுதியது. வீடு அப்புறம் நகரவில்லை. சூளையிலிருந்து வெளியே வந்ததும், வீடு இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று நின்று பார்க்கும் பழக்கம் சென்றாயனுக்குக் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு அவன் பார்க்காமலேயே நடந்தான்.