வராத லேப்டாப்புக்குப் போன கண்

ஜோசியர் நேரலையில் இருக்கும்போது வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. போன வாரம் மனைவி மறந்துபோய் மிக்ஸியைப் போட்டதற்கு, ஜாரைத் தூக்கிச் சுவரில் அடித்து நொறுக்கியவர் அவர். வேலை என்னவோ லேப்டாப் கடையில் விற்பனைதான். ஆனால் அடுத்து வரப்போகும் லேப்டாப்பில் என்னென்ன இருக்கும் என்று முன்கூட்டியே அளந்துவிடும் வீடியோக்களால்தான் ‘ஜோசியர்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று அவருக்கு ஒரு மங்கலான படம் சிக்கியிருந்தது. புது மாடலின் உட்பாகம் என்று இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்த படம்.

“நல்லாப் பாருங்க. ரேம் மாட்டற இடம் தனியாத் தெரியுதா? இனிமே நாமளே கழட்டி மாட்டிக்கலாம். பேட்டரியும் பெருசு. கம்பெனி ஆளே எங்கிட்ட சொன்னான். பொய்யாப் போச்சுன்னா மீசைய எடுத்துடறேன்!”

கம்பெனி ஆள் யாரும் அவரிடம் மூச்சுகூட விடவில்லை. ‘புளுகு’ என்று ஒருவன் எழுதினான். “நேர்ல வாடா, பல்லப் பேத்துடறேன்” என்று இவர் கத்தினார். பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். சண்டை என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனைவியின் தம்பி, செல்போன் பழுது பார்ப்பவன்.

“மாமா, போதும் நிறுத்துங்க. அது நான் எடுத்த படம். எங்க கடையில கெடந்த பழைய லேப்டாப்பத் தொறந்து, சும்மா தமாஷுக்குப் போட்டேன். நீங்களே நம்பிட்டீங்களா?”

எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. ‘மீசை எப்போ?’ என்ற கேள்விகள் திரையில் கொட்டின.

ஜோசியருக்கு ரத்தம் தலைக்கேறியது. லேப்டாப் சார்ஜரின் வயரைப் பிடித்துச் சுழற்றினார். அதன் கனத்த கட்டை மச்சானின் வலது கண்ணைப் பதம் பார்த்தது. தட்டோடு சரிந்தவனை அப்போதும் விடவில்லை. நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினார்.

“படம் நெசம்னு சொல்லுடா! சொல்லு!”

மூக்கு உடைந்து ரத்தம் தரையெல்லாம் தெறித்தது. மனைவி ஓடிவந்து முடியைப் பிடித்து இழுத்தும் ஆள் அசையவில்லை. மணிக்கட்டில் பல் பதியக் கடித்த பிறகுதான் கை நின்றது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் மனசு பதறவில்லை. ‘இன்னொண்ணு குடு’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள், பாவிகள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜோசியருக்குக் கோபம் வடிந்து பயம் பிடித்துக்கொண்டது. மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்துப் பிழைக்கிறவனுக்குக் கண்தானே முதல்! டாக்டர் வெளியே வந்ததும் ஜோசியர் ஓடிப்போய் மறித்தார்.

“பார்வை வந்துடும்ல டாக்டர்?”

“இப்போதைக்குத் தெரியாது.”

“ஒரு குத்துமதிப்பாவாவது சொல்லுங்க சார்.”

“உள்ள ரத்தம் கட்டியிருக்கு. அது வடியற வரைக்கும் ஒண்ணும் பாக்க முடியாது. பாக்காம நான் எதையும் சொல்ல மாட்டேன்.”

டாக்டர் போனதும் மனைவி எழுந்து வந்தாள்.

“கேட்டீங்களா? அவ்வளவு படிச்சவரு, தெரியாதுன்னு கூச்சப்படாம சொல்லிட்டுப் போறாரு. உங்களுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில வரமாட்டேங்குது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்றவன், குட்டு உடைஞ்சா கையத்தான் ஓங்குவான். பொய்ப் படம் போட்டது என் தம்பி தப்புதான். அதுக்குக் கண்ணா வெல?”

ஜோசியரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது ஒரு போலீஸ்காரர் வந்து, அடித்தது யார் என்று விசாரித்தார். மனைவி வாய் திறப்பதற்குள் ஜோசியர் முன்னால் வந்தார்.

“நான்தான் சார். என் புளுகு வெளிய வந்ததும் மச்சான அடிச்சுட்டேன். கூட்டிட்டுப் போங்க.”