மூன்று இருக்கை அகலம்

ஒன்பது டிக்கெட், ஒரு மனுஷி காலை நீட்டிப் படுப்பதற்கு விலை ஒன்பது டிக்கெட், பேரம் கிடையாது, ஸ்ட்ரெச்சர் மாட்ட ஒன்பது இருக்கைகளின் முதுகை மடக்க வேண்டுமாம், கூடப் போகிற புருஷனுக்குப் பத்தாவது... அந்தக் கணக்கை முதல் தடவை கேட்டபோது சக்திவேல் சிரித்தே விட்டார், ரங்கநாதன் தெரு மாடியறைகளில் ஒன்பது பேர் வரிசையாகப் படுத்து எழுந்து வியாபாரம் பண்ணி ஆளாகியிருக்கிறோம், வானத்தில் இடத்துக்கு என்ன பஞ்சம், மேலே எவன் பட்டா வைத்திருக்கிறான் என்று. சிரிப்பு அன்றோடு சரி. அப்புறம் ஜவுளிக்கடையைப் பாங்கில் வைத்தாவது ஒன்பதையும் வாங்கிவிடுவது என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்தால், விமானமே புதுசு, நடுவில் இரண்டு நடைபாதை விட்ட அகலமான விமானம், அதற்கு ஸ்ட்ரெச்சர் சாமான் இன்னும் வந்து சேரவில்லை, மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். மூன்று மாதம்! அடையாறு டாக்டர் முகத்தைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாரே, போறதா இருந்தா இப்பவே போய்ட்டு வந்துருங்க சார் என்று, அந்த ‘இப்பவே’க்குள் மூன்று மாதத்தை எந்த மூலையில் மடித்து வைப்பது?

அதனால்தான் மூன்று இருக்கை. ஒரே வரிசையில் மூன்று, நடுவில் உள்ள கைப்பிடிகளைத் தூக்கிவிட்டால் படுக்கை மாதிரி ஆகிவிடும், கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பெல்ட் போட வேண்டும், டாக்டர் கடிதம் வேண்டும், அவ்வளவுதான் அங்கிள் என்று நஸ்ருன்னிசா போன வாரம் சொன்னாள். பாண்டி பஜார் மாடியில் இந்த ஏஜென்ஸிக்கு அவள்தான் எல்லாம், இப்போதும் காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு விமானக் கம்பெனிக்காரனுக்காகக் காத்திருக்கிறாள், அவன் போனில் ஏதோ பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறான்... கீழே பஜாரில் ஆட்டோ அலறுகிறது, இங்கே ஏ.ஸி. குளிர், சக்திவேலின் மடியில் அந்த வழவழப்பான புஸ்தகம், அதை அவர் எத்தனை தடவை புரட்டியிருப்பார், விமானத்துக்குள் மூலை என்பதே இல்லை, கூரை வளைந்து போகிறது, பெட்டி வைக்கும் அறை கண்ணிமை மாதிரி மெதுவாக மூடிக்கொள்ளுமாம், விளக்கு சாயங்காலம் மாதிரி தானே மங்குமாம், ஒவ்வொருத்தர் மூக்குக்கு நேராகவும் ஒரு டி.வி., தலை சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் காது மாதிரி தடுப்பு, அதில் கன்னத்தை வைத்து ஒரு வெள்ளைக்காரி பரம சுகமாகத் தூங்குகிறாள். அவளுக்கு எதுவும் வலிக்கவில்லை, வலிக்காதவர்களுக்குத்தான் எவ்வளவு யோசித்து யோசித்துச் செய்திருக்கிறான்! அந்த நீலத் துணியில் கம்பளி கலந்திருக்கும், தீப்பிடிக்காமல் இருக்க, அது சரி, உறுத்துமா? மனைவி தங்கத்துக்கு இப்போது பழைய வாயில் புடவையின் ஓரத் தையலே உறுத்துகிறது.

வலி முதுகெலும்புக்குப் போனபிறகு அவளால் அரைமணி உட்கார முடிந்தால் அதிகம். வீட்டு சோபாவில் ஒத்திகை பார்த்தார்கள், முதுகை நிமிர்த்தி, இடுப்பில் அவருடைய வேட்டியையே பெல்ட்டாகக் கட்டி... ஒரு சேலைக்குக்கூட நீங்க இவ்வளவு பாடு பட்டதில்லையே என்று அவள் கேலி பண்ணினாள், வலிக்குதா தங்கம் என்றதற்கு, ம்ஹூம், டி.வி.யை மறைக்காதீங்க, நகருங்க என்றாள், ஆனால் சோபா விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துக் கிடந்ததை அவர் பார்த்தார், பார்த்ததை அவளும் பார்த்தாள், இரண்டு பேரும் சீரியலைப் பார்த்தார்கள். எல்லாம் நியூஜெர்ஸியில் இருக்கிற ஒரு நாலு மாதக் குழந்தைக்காக. மகள் ஷண்முகப்ரியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வர முடியாது, விசா காகிதம் பாதியில் நிற்கிறது, வந்தால் திரும்ப விடமாட்டான். போனில் குழந்தையை அழவிட்டுக் காட்டுகிறாள், தங்கம் இங்கே ரிசீவரோடு பேசுகிறாள், ஏட்டி ஷ்ரேயா, ஆச்சி வாரேன்ட்டி, உன்னைத் தூக்க முடியாது, பக்கத்துல படுத்துக்கிடுதேன்... பக்கத்தில் படுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவராகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டதோடு சரி, எதையும் கேட்காதவள்.

“எந்த வரிசை சார் போட்டிருக்கேள்?” சற்று முன் இப்படி ஆரம்பித்து வைத்தவர் பக்கத்து நாற்காலிக் கஸ்தூரிரங்கன், மயிலாப்பூர் ரிடையர்ட் புரொஃபஸர், வருஷா வருஷம் பிள்ளையிடம் போய் வருகிறவர், விமானத்தை ஐந்தாம் நம்பர் பஸ் மாதிரி பேசுகிறவர். முன் வரிசை என்றார் சக்திவேல், கொஞ்சம் பெருமையாகவே, ஏனென்றால் அதற்காக அவர் போன வாரம் இந்தப் பெண்ணோடு ஒரு சண்டையே போட்டிருந்தார், முதலில் அவள் பின்னால்தான் கொடுத்தாள், கக்கூஸ் பக்கமா, என்னம்மா நினைச்சே, முகப்பு இல்லாத இடம் எனக்கு வேணாம் என்று. தி. நகரில் முப்பது வருஷம் கடை நடத்தியவனுக்கு முகப்பின் அருமையை யார் சொல்லித்தர வேண்டும், முகப்பில் ஒரு அடியும் உள்ளே பத்தடியும் ஒரே வாடகை... முன்னால் வெறும் தடுப்புச் சுவர், கால் நீட்ட இடம், அவனவன் முதுகை நம் மூக்கில் சாய்க்கமாட்டான், அதுதான் ராஜ இடம் என்று பிடித்த பிடியில் நின்று வாங்கினார்.

“அடடா,” என்றார் கஸ்தூரிரங்கன், “அங்கே கைப்பிடியைத் தூக்க முடியாதே! முன்னாடி சீட் கிடையாதோன்னோ, சாப்பாட்டுத் தட்டு, டி.வி. எல்லாத்தையும் கைப்பிடிக்குள்ளயே மடிச்சு வெச்சிருப்பான். சுவர் மாதிரி நிக்கும். போன தடவை எங்காத்து மாமி படுக்கப் பார்த்து விலாவில குத்திண்டு, அட்லாண்டிக் பூரா என்னைத்தான் வைதுண்டு வந்தா.” அதைச் சொல்லிச் சிரித்தவர், எதிரே இருப்பவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அதைக் கேட்கத்தான் நஸ்ருன்னிசா போனில் காத்திருக்கிறாள். வேண்டாம், இருக்காது, புது விமானமாயிற்றே, அதில் மாற்றியிருப்பான், இவ்வளவு யோசித்தவன் இதை யோசித்திருக்கமாட்டானா... அல்லது யோசித்துத்தான் அப்படிச் செய்தானா? தங்கத்தின் விலாவுக்கும் இடுப்புக்கும் குறுக்கே இரண்டு சுவர், அதுவும் சண்டை போட்டு வாங்கிய சுவர், எந்தப் புருஷன் செய்வான் இதை, எந்த மடையன்? பியானோ நின்றது. அவள் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் கேட்டாள், கண்ணை உயர்த்தி அவரைப் பார்த்தாள், போதும், அந்தப் பார்வையே போதும்.

“தூக்க வராதாம் அங்கிள். பின்னாடிதான் தூக்க முடியும். அதே ஃபிளைட்ல கடைசிக்கு முந்தின வரிசையில மூணும் சேர்ந்தாப்ல காலியா இருக்கு, உங்களுக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணு. லைன்ல இருக்கான். எடுத்துக்கட்டுமா?”

எடுத்துக்கோ என்று சொல்ல வேண்டியதுதானே, சொல்... “கக்கூஸ் வாசனை வருமாம்மா?” என்றது அவர் வாய். வராதாம். சத்தம்? கொஞ்சம் இருக்கும். ஜன்னல் கண்ணாடி குளிருமா, தலையை எந்தப் பக்கம் வைக்கலாம், கம்பளி இரண்டு தருவானா, நடைபாதையில் தள்ளுவண்டி வரும்போது கால் இடிக்குமா, இடித்தால் யார் பொறுப்பு? அவள் ஒவ்வொன்றையும் போனில் கேட்டுச் சொன்னாள், முகம் சுளிக்காமல், நல்ல பெண். குலுங்கினால் எந்த வரிசை அதிகம் குலுங்கும் என்று கேட்க வாயெடுத்தவர், நடுவில் நின்றார். இந்தக் குரல் அவருக்குத் தெரியும், முப்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து கேட்ட குரல். வாங்க வந்தவள் நிறம் பிடித்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஜரிகை கறுக்குமா, சாயம் போகுமா, அந்த மேல்தட்டில் இருப்பதையும் பிரியுங்கள் என்று கடையையே பிரித்துப் போடவைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பவள் வாங்கமாட்டாள், வாங்குகிற எண்ணத்தோடு அவள் படியேறவே இல்லை. ஒரு மாதமாக அவர் எத்தனை கம்பெனி, எத்தனை விமானம், எத்தனை வரிசையைப் பிரித்துப் போட்டுவிட்டார்! பேரம் முடியாத வரைக்கும் பயணம் இல்லை, பயணம் இல்லாத வரைக்கும் தங்கம் குழந்தையைப் பார்க்கவில்லை, பார்க்காத வரைக்கும் அவளுக்குப் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது, பாக்கி இருக்கிறவள் போகமாட்டாள்... இதற்காகவா, சண்டாளா, இதற்காகவா நாளை இழுத்தாய்?

“அங்கிள்... லைன்ல இருக்கான்.”

கஸ்தூரிரங்கன் தன் தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். சக்திவேல் புஸ்தகத்தில் இருக்கையின் அகலத்தைத் தேடினார், பதினெட்டு அங்குலம் என்று போட்டிருந்தது, சரியாக ஒரு முழம், துணிக்காரன் கைக்கு அங்குலம் எதற்கு? மூன்று இருக்கை மூன்று முழம். தங்கம் மூன்றரை முழம் இருப்பாள், அரை முழம் இடிக்கிறது, காலைக் கொஞ்சம் மடக்கினால்... மூன்றரை என்பது எப்போது பார்த்தது? இன்று காலை போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினாரே, முழங்கால் வயிற்றைத் தொட, முகம் சுவர்ப்பக்கம், தலையணை போக மெத்தையில் அவள் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்? கண்ணாலேயே அளந்து பழகியவர், வேண்டாம் என்றாலும் கண் அளந்துவிடுகிறது. இரண்டு முழம். வாங்குகிற இடம் மூன்று முழம், தங்கம் இரண்டு முழம். ஒரு இருக்கை முழுசாக மிச்சம்.