உப்புக்கு வந்த பனி

கழகம் ஆட்சிக்கு வந்த மறு வருடம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், வடசேத்தியூர் மிராசுதார் பஞ்சநதத்தின் தென்வயல் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டது. முந்தின நாள் வரை ஆடுமாடு மேய்ந்த இடம் அது. வரப்புக்கு இந்தப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்க, அந்தப் பக்கம் வாயைத் திறந்தால் மூச்சு புகையாக வந்தது. வெளியே வரப்பின் மேல் நடந்தால் ஒரு வெற்றிலை மென்று துப்புவதற்குள் வயலைச் சுற்றி வந்துவிடலாம். உள்ளே இறங்கி நடந்தவர்களுக்கு மறுகரை வரவில்லை. சங்கிலி பிடித்து அளக்க வந்த சர்க்கார் ஆட்கள் ஒரு வாரம் நடந்துவிட்டு, மூக்குத் தோல் உரிந்துபோய் வந்த வழியே திரும்பினார்கள். ஜமாபந்தியில் இதைப் பற்றி யாரும் கேட்காமல் இருந்தால் சரி என்றார்கள். யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் அரிசித் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசவே எல்லோருக்கும் நேரம் போதவில்லை.

உள்ளே ஆட்கள் இருந்தார்கள். மரக்கிளைபோலக் கொம்பு விரிந்த மாடுகளை மேய்த்துக்கொண்டு, தோல் கூடாரத்தை அடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்கள். தங்களுக்கு அவர்கள் சொல்லிக்கொண்ட பெயர் ஊர்க்காரர்கள் வாயில் ‘சேணார்’ என்று நிலைத்தது. பனியைக் கிளறி அடியிலிருக்கும் பாசியை மாடுகள் தின்று தீர்த்ததும் வேறு இடம் போவார்கள். குளிர் அந்த மந்தையோடுதான் போய்வருகிறது என்று ஊர் சீக்கிரமே தெரிந்துகொண்டது. ஒரு மாடு தவறி வாய்க்காலில் இறங்கினால் அந்த இடத்துத் தண்ணீர் உறையும், ஓட்டிவிட்டால் உருகிவிடும். ஆடி முடிவதற்குள் அவர்கள் பேச்சு ஊருக்கும் ஊர்ப் பேச்சு அவர்களுக்கும் புரிந்துபோயிற்று. பஞ்சநதம் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்று குத்தகை கேட்டார். சேணார்களுக்குத் தலைவியாக இருந்தவள் ஊனே என்ற பெண். அவள் யோசித்துவிட்டு, “நிலம் உங்களுதா? அப்ப நீங்க வேற எடம் போறப்ப அது எப்படிப் பின்னால வரும்?” என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். அவர் குடையைக் கை மாற்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

அதிராம்பட்டினத்திலிருந்து மாட்டுவண்டியில் உப்பும் கருவாடும் கொண்டுவரும் பக்கீர் முகம்மது ஒரு நாள் அந்த வரப்போரம் வண்டியை நிறுத்தியபோது, மந்தை முழுவதும் வந்து மூட்டையை நக்கத் தொடங்கிவிட்டது. ஊனே மாடுகளை இழுத்துப் பார்த்தாள், அடித்துப் பார்த்தாள். உப்பு தீர்ந்த பிறகுதான் அவை நகர்ந்தன. தெற்குத் தெருவில் நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் செவ்வந்தி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் வீரையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். கார்த்திகையில் அறுப்புக் கூலியை ஏற்றிக் கேட்டார்கள். பஞ்சநதம் வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்துமேட்டில் கைகலப்பு ஆனதும் வீரையன் பேரில் வழக்குப் பதிவாகிவிட்டது. அவன் வரப்பைத் தாண்டிப் பனிக்குள் போய்விட்டான். போலீஸார் இரண்டு எட்டு வைத்துப் பார்த்து, பூட்ஸ் ஒட்டிக்கொள்ளவே திரும்பிவிட்டார்கள். மார்கழி பிறந்தும் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மந்தை எங்கே நிற்கிறது என்று தெரியாத வெள்ளைவெளியைப் பார்த்துக்கொண்டு செவ்வந்தி தினமும் சோற்றுத் தூக்கோடு வரப்பில் நின்றாள், பிறகு திரும்பி வந்து அந்தச் சோற்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டாள்.

மார்கழி பாதியில், பொழுது சாயும் நேரத்தில், மிராசுதாரின் ஆட்கள் மண்ணெண்ணெய் டின்னும் பந்தமுமாக வடக்கே இருந்து வருகிறார்கள் என்று சேதி வந்தது. தெற்குத் தெருவிலிருந்து வெளியே போக வடக்கே ஒரே பாதை. தெற்கே போகும் வண்டித்தடம் பனி வயல் வரப்போடு முடிந்துவிடும், மற்ற இரண்டு பக்கமும் வாய்க்காலும் சேறும். கிழவிகளும் கைப்பிள்ளைக்காரிகளும் ஓட வழியில்லாமல் ஒரே வீட்டுக்குள் போய் அடைந்தார்கள். கோடி வீட்டு வாசலில் பக்கீர் முகம்மது வண்டியை அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தார்.

“பாய், வண்டியத் தென்வயலுக்குத் திருப்புங்க” என்றாள் செவ்வந்தி.

“அங்க எதுக்கும்மா?”

“மூட்டையை அறுத்து வரப்புல கொட்டணும். அங்கேருந்து இங்க வரைக்கும் சிந்திக்கிட்டே வரணும்.”

அவர் கத்தியை அவளிடம் கொடுத்துவிட்டு மாட்டைத் தட்டினார். வரப்பில் முதல் மூட்டையை அறுத்துக் கொட்டிவிட்டு, இருவரும் வெள்ளைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தூரத்தில் புதர்கள் நடந்து வருவதுபோல் கொம்புகள் தெரிந்தன.

பந்தக்காரர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது மந்தை கூரைகளுக்கு இடையில் நின்று மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. டின்னில் மண்ணெண்ணெய் நெய்யாக உறைந்து வெளியே விழ மறுத்தது. பந்தங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. வீசப்பட்ட ஒரே ஒரு பந்தம் செவ்வந்தி வீட்டுக் கூரையில் விழுந்து பற்றியது. பற்றிய தீ ஒரு முழ உயரத்துக்கு எழும்பி அப்படியே கண்ணாடியாக உறைந்து நின்றது. அவள் ஏணி போட்டு ஏறி, அரிவாளின் பின்பக்கத்தால் அதைத் தட்டி உடைத்து, முந்தானையில் பிடித்துக் கீழே கொண்டுவந்து வாய்க்காலில் போட்டாள். வந்தவர்களும் கூலிக்கு வந்தவர்கள்தான். ஒற்றை வேட்டியோடு பல் கிட்டித்துப்போய் நின்ற அவர்கள்மேல், மந்தையைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்த ஊனேயின் ஆட்கள் தோலைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். யாரையும் யாரும் அடிக்கவில்லை. சேணார்களுக்குப் பின்னால், புருவத்திலும் மீசையிலும் பனி படிந்து, வீரையன் வந்தான்.

“சாப்பிட்டியாய்யா?” என்றாள் செவ்வந்தி.

“அங்க வெறும் பாலும் கறியும்தான். சோறு இருந்தாப் போடு.”

அவள் தூக்கைத் திறந்து வைத்தாள். அவன் முதல் கவளம் எடுப்பதைப் பார்த்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதாள். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள், பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளையும் குறையவில்லை.

மறுநாள் காலை பஞ்சநதம் காரியக்காரரை அனுப்பினார். விளைந்த சம்பா முழுவதும் வயலில் நின்றது. “கேட்ட கூலியக் குடுத்துடறோம், அந்த மாடுகள மட்டும் வயல்ல இறக்கிடாதீங்க” என்று அவர் சொன்னதாகச் சொன்னார் காரியக்காரர். சங்கம் ஒப்புக்கொண்டது. தை பிறப்பதற்குள் அறுப்பு முடிந்தது, வழக்கு பிசுபிசுத்துப் போயிற்று. சில வருடங்களில் குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்து தெற்குத் தெருவுக்குப் பட்டா கிடைத்தது. பஞ்சநதம் தஞ்சாவூரில் வீடு வாங்கிக்கொண்டு போனார். தென்வயலைக் கேட்டு வாங்க ஆள் வரவில்லை, அவரும் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. வீரையனுக்கு மீசைப் பனி கடைசி வரை உருகவில்லை. வருடத்தில் சில மாதம் சேணார்களோடு மந்தைக்குப் போவான், மற்ற மாதங்களில் சங்க வேலை பார்ப்பான். தெருவுக்கு அவனைத் தேடி வருகிறவர்கள் எந்த மாதம் என்று பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள்.

பல வருடங்கள் கழித்து, திருவையாற்றில் நர்ஸ் வேலை பார்த்த மகளைப் பார்த்துவிட்டு ஒரு முறை செவ்வந்தி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். வடசேத்தியூர் நெருங்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெள்ளை பூத்தன. அந்தத் தடத்துக்குப் புதிதாக வந்த கண்டக்டர் இது என்ன என்று கேட்டார்.

“சேணார் வந்திருக்காங்க. நீங்க டிக்கெட்டக் கிழிங்க” என்று சொல்லிவிட்டு, முந்தானையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் அந்தக் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிப்போனாள்.