பேய்க்கு ஆறு விரல்

படம் மகா அபத்தம். அதில் பேயாக நடித்த பேயக்காவுக்கே அந்த விஷயத்தில் சந்தேகம் கிடையாது. அவ்வளவு பெரிய பாழடைந்த பங்களாவுக்குப் படிகள் ஆறுதான். கதாநாயகன் அவற்றிலேயே நாலு நிமிஷம் ஏறுகிறான். புயலில் மெழுகுவர்த்தி அணைகிறது, பக்கத்துத் திரைச்சீலை அசையக் காணோம். வௌவாலைக் கட்டிய நூல் கடைசி வரிசைக்கும் தெரியும். ஆனாலும், முக்காடு போட்ட பேய் படியிறங்கி வர, வெறும் பாதம் ஒன்று தரையில் பதியும்போது, வீறாப்பாக உட்கார்ந்திருந்தவனும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வான். அந்தப் பாதத்தில் ஆறு விரல்.

விரல்கள் பேயக்காவுடையவை. பெயர் நாயகிக்கு. 'இரட்டை வேடத்தில்' என்று டைட்டிலில் போட்டார்கள். நாயகி அதற்கு விருதே வாங்கிவிட்டாள். பேயக்கா சலவைக் கடை வைத்துக்கொண்டு, நாற்பது வருஷமாக உண்மையைச் சொல்லிவருகிறாள். தெரு அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்ததே கேலிக்குத்தான். "விட்டா அந்த வௌவாலும் நான்தான்னு சொல்வாங்க எங்க அத்தை" என்பாள் மருமகள்.

படத்தைப் புதுப்பிக்கிறோம், நூல், விரல் போன்ற குறைகளை அழிக்கிறோம் என்று செத்துப்போன இயக்குநரின் மகன் பேப்பரில் பேட்டி கொடுத்திருந்தான். உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த விரல். பேயக்கா கடையைப் பூட்டிவிட்டு நேரே எடிட்டிங் அறைக்குப் போனாள்.

உள்ளே மூன்று பேர். கணினி முன்னால் எடிட்டர் பெண், பின்னால் மகன், பக்கத்தில், இந்தப் படத்தைப் பற்றித் தான் எழுதிய புத்தகத்தை மடியில் வைத்திருந்த விமர்சகர்.

"விரலை அழிக்காதீங்க தம்பி" என்று விமர்சகர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அது விரலே இல்ல. ஆறறிவு படைச்ச மனுஷனோட குற்றவுணர்வு. நாற்பது பக்கம் எழுதியிருக்கேன்."

பேயக்கா செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். "இந்தாங்க உங்க ஆறறிவு. மழை வந்தா வலிக்கும்."

விமர்சகர் எண்ணிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "மெழுகுல செஞ்சதுன்னு என் புத்தகத்துல இருக்கே."

"அப்போ புத்தகத்தைத் திருத்துங்க."

விமர்சகர் அந்த நிமிஷமே கட்சி மாறினார். "அழிச்சிடலாம் தம்பி. கலைக்கு அதுதான் மரியாதை."

"அழிச்சாச்சு" என்று பேயக்காவிடம் சொல்லிவிட்டு, மகன் எடிட்டர் பக்கம் திரும்பினான். "போட்டுக் காட்டும்மா."

எடிட்டர் ஓடவிட்டாள். பேய் படியிறங்கியது. ஐந்து விரல் பாதம் தரையில் பதிந்தது. ஒருவரும் காலைத் தூக்கவில்லை.

"பால் வாங்கப் போற மாதிரி இருக்கு" என்றாள் எடிட்டர்.

மகன் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். மூன்று முறையும் பேய் பால் வாங்கத்தான் போயிற்று.

"பழையபடியே போடு" என்றான் கடுப்பாக.

"கூடவே 'பேய்'னு போட்டு என் பேரையும் போடுங்க" என்றாள் பேயக்கா.

"ஏம்மா, ஹீரோயின் அந்த வேஷத்துக்கு விருது வாங்கினவங்க. மனசு நோகும்."

"எனக்கு ஏது மனசு? நான் பேய்தானே."

"வேணும்னா 'பேயின் பாதம்'னு போடறேன். பாதம் மட்டும்."

"ஏன், மிச்சப் பேய் அவங்களா? முக்காட்டுக்குள்ள வெந்து செத்தது யாரு? படியில உருண்டு பல்லு போனது யாரு? 'பேய் ஜோரா விழுந்துச்சு'ன்னு உங்கப்பா கை தட்டினாரு. தூக்கிவிட ஒருத்தன் வரல."

"முதல்ல காலை இறக்குங்க!"

"முதல்ல பேரை ஏத்துங்க. இல்லேன்னா படம் ஓடுற தியேட்டர் வாசல்ல இப்படியே காலை நீட்டி உக்காருவேன். வர்றவங்க எண்ணிப் பார்த்துட்டு உள்ள போகட்டும்."

மகன் விமர்சகரைப் பார்த்தான். விமர்சகர் மின்விசிறியில் ஏதோ குறியீட்டைக் கண்டுபிடித்தவர்போல அண்ணாந்திருந்தார்.

"போட்டுத் தொலை" என்றான் மகன்.

எடிட்டர் பேரைக் கேட்டுக்கொண்டு விசைப்பலகையில் கை வைத்தாள். "உங்க பேருல வர்றது சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"பெரிசு" என்றாள் பேயக்கா. எழுத்து திரையில் விழும்வரை காலை இறக்கவில்லை.