இன்பவல்லியின் கட்டுரைப் பட்டியலுக்கு உட்பரப்பு அளந்தது

அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்கு வருவோரின் கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை. கட்டுரைப் பட்டியலைக் கருவியில் இட்டு அதன் உட்பரப்பை அளப்பார்கள். கிராமுக்கு இரண்டாயிரம் சதுர மீட்டர் தேறினால் பேராசிரியர். தேறாவிட்டால் பழைய நாற்காலிதான்.

வேதியியல் துறை இன்பவல்லிக்கு ஐயமே இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அவள் நுண்துளைப் பொருள்களைச் செய்து வருகிறாள். ஒரு சிட்டிகையை விரித்தால் கால்பந்து மைதானத்தை மூடிவிடும் பொருள்கள் அவை. அந்தத் துளைகளில் வினையூக்கிகளைக் குடியமர்த்தி முப்பத்தேழு கட்டுரைகள் எழுதியிருந்தாள். ஆயினும் இரண்டு முறை பதவி கைநழுவியிருந்தது. இம்முறை குழுத் தலைவர் திருமேனி ஐந்து மணிக்கு ரயிலுக்குப் புறப்பட்டுவிடுவார். அதற்குள் அவர் கையெழுத்து வேண்டும்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் சூசைமாணிக்கம் பட்டியலைக் கண்ணாடிக் குழாயில் இட்டார். துளைகளை அளக்கும் நைட்ரஜன் வாயு உள்ளே போயிற்று.

"பதினொண்ணு, மேடம்."

"பதினோராயிரமா?"

"வெறும் பதினொண்ணு. நேத்து சிவில் துறையில இருந்து ஒரு செங்கல்லு வந்துது. அதுவே பன்னெண்டு காட்டிச்சு."

கையெழுத்திடக் காத்து அருகில் உட்கார்ந்திருந்த திருமேனி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சூடு காட்டி எடுத்தீங்களா மேடம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் சூசைமாணிக்கம்.

இன்பவல்லி நெற்றியில் அடித்துக்கொண்டாள். துளைகளில் தங்கியிருப்பதைச் சூடுகாட்டி உறிஞ்சி வெளியேற்றாமல் எவரும் அளக்க மாட்டார்கள். இதை மறந்த மாணவர்களை அவள் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறாள்.

பட்டியல் வெற்றிட அடுப்புக்குள் போயிற்று. நூறு பாகையில், துளைகளில் தங்கியிருந்த கரைப்பானான மெத்தனாலின் வாடை வந்தது. நூற்றிருபதில் முன்னாள் துறைத்தலைவர் வேலாயுதப்பெருமாள் வந்தார். கையில் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. இருபத்திரண்டு கட்டுரைகளில் அவர் பெயர் உண்டு. ஆய்வகத்துக்கு ஒரே ஒரு முறை வந்ததுண்டு, குடையைத் தேடிக்கொண்டு.

"என்னம்மா இது? நான் பாட்டுக்கு ஒரு ஓரமாத்தானே இருந்தேன்?"

"அந்த ஓரத்துலதான் சார் வினை நடக்கணும்."

"முன்னாடியே சொல்லியிருந்தா தள்ளி ஒக்காந்திருப்பேனே."

அவருக்குப் பின்னால் அவர் மருமகன் வந்தார். ஒன்பது கட்டுரைகள். பிறகு மருமகனின் நண்பர் வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். வராந்தாவில் வரிசை கட்டி நின்றார்கள். இடம் போதாமையால் வராந்தா சற்று நீண்டுகொடுத்தது.

மறுபடி அளந்தார்கள்.

"நானூறு. ஆயிரத்து எண்ணூறு." சூசைமாணிக்கத்தின் குரல் ஏறியது. இன்பவல்லி மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "மூவாயிரத்து நூத்தி நாப்பது. இன்னும் ஏறுது மேடம். நிறுத்தட்டுமா?"

"நிறுத்தாதீங்க."

"இங்க கொண்டாங்கம்மா, போட்டுத் தந்துடறேன்" என்றார் திருமேனி.

மகிழ்ச்சியில் அவள் பட்டியலை மூடியில்லாமல் அவர் முன் வைத்துவிட்டாள். காலியான துளைகள் அண்டையில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். முதலில் காற்றின் ஈரத்தை இழுத்தன. பிறகு அவர் முன்னிருந்த கோப்பைத் தேநீரை இழுத்தன. பிறகு, பேனாவைத் திறந்துகொண்டிருந்த திருமேனியை இழுத்தன.

மணி நான்கு ஐம்பது.

"சார் உள்ள போயிட்டாரு" என்றார் சூசைமாணிக்கம்.

"பேனா?"

"பேனாவோடதான்."

இன்பவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கட்டுரைக்குள் இறங்கினாள். அவளே கட்டிய கூடங்கள். இதுநாள்வரை எண்களாக மட்டுமே அறிந்திருந்தாள். கூடத்துக்கு அப்பால் கூடம், அதற்கும் அப்பால் கூடம். எங்கும் வெளிச்சமாக இருந்தது. தன்னை மறந்து ஓடினாள். பதினேழாம் கட்டுரையில் திருமேனி சுவரைத் தடவியபடி நின்றார்.

"இவ்வளவும் நீங்க கட்டினதா?"

"ஆமா சார்."

"வெளிய இருந்து பாத்தா நாலு பக்கம்தானே?"

"ஆமா சார். ரயிலுக்கு நேரமாச்சு சார்."

"அது கிடக்குது. எங்க போடணும்?"

அவள் சுவரைக் காட்டினாள். அவர் தம் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்கினார். சுவர் நீண்டது. கோடும் நீண்டது. நடந்துகொண்டே எழுதினார், பிறகு ஓடிக்கொண்டே எழுதினார். முப்பதாம் கட்டுரையைத் தாண்டியும் முதல் எழுத்து முடியவில்லை. இன்பவல்லி அவருடைய பயணப் பையைச் சுமந்துகொண்டு கூடவே ஓடினாள்.

"மேல சுழிக்க எடம் இருக்குமாம்மா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"நெறைய இருக்கு சார். தாராளமா சுழிங்க" என்று சொல்லி, வழிகாட்ட அவருக்கு முன்னால் பாய்ந்தாள்.